கோச் கத்தினால் பெட்டிக்குள் போவது யார்?

பி.டி. டீச்சர் பதில்கள்

கேள்வி: என் அக்கா மகள் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் படிக்கிறாள். அங்கே கல்லூரிப் பெண்கள் ஆடும் ஐஸ் ஹாக்கி மேட்ச்சை வீடியோ காலில் காட்டினாள். ஒரு கோச் ரெஃப்ரியைப் பார்த்துக் கன்னாபின்னாவென்று கத்தினார். தண்டனை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்ததோ ஒரு தப்பும் செய்யாத பெண். இது என்ன நியாயம் டீச்சர்? என் மகளும் கல்லூரி ஹாக்கி டீமில் இருக்கிறாள். அவளுடைய கோச்சும் ஓயாமல் கத்துகிறவர்தான்.
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அங்கே விதியே அப்படித்தான் அம்மா. கோச் ரெஃப்ரியைத் திட்டினால் அந்த அணிக்கு 2 நிமிடத் தண்டனை. கோச் பெட்டிக்குள் போவதில்லை. கோல்கீப்பரைத் தவிர யாராவது ஒருத்தி அணிக்காகப் போய் உட்கார வேண்டும். எதிரணியில் 5 பேர் சறுக்கி வர, இவர்கள் 4 பேரோடு சமாளிக்க வேண்டும். இத்தனைக்கும் அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பெண்கள் ஐஸ் ஹாக்கிக் கோப்பையை 2001-ல் வென்றது அதே மின்னசோட்டாவின் டுலூத் பல்கலைக்கழக அணி. ஆட்டம் தெரிந்த ஊர்தான்.

எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது. கோச்சின் வாய் யார் தலையில் விடிகிறது என்பதை எல்லார் கண்ணுக்கும் காட்டிவிடுகிறது. ஐஸ் ஹாக்கியில் கோச் பெஞ்சுக்குப் பின்னால், பிள்ளைகளின் பிடரிக்கு அருகிலேயே நிற்பார். முக்கால் நிமிடம் ஆடிவிட்டு மூச்சு வாங்க வந்து உட்காருகிற பெண்ணின் காதில் முதலில் விழுவது அவர் பேச்சுதான்.

நம் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி கிடையாது, அவ்வளவுதான். எழும்பூர் ஸ்டேடியத்தில் ஒரு கல்லூரி மேட்ச். காசிமேட்டுப் பெண் ஒருத்தி டிஃபென்ஸில் ஆடினாள். ஒரு பந்தை விட்டுவிட்டாள். "நீ வீட்ல மீன் அலசத்தான் லாயக்கு!" என்று அவள் கோச் மைதானமே கேட்கக் கத்தினார். அவள் அம்மா கேலரியில் உட்கார்ந்திருந்தார். அடுத்து வந்தது சாதாரண பந்து. அந்தப் பெண் அதைத் தடுக்கக்கூட மட்டையைத் தாழ்த்தவில்லை. பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த கோலை அவள் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கத்துவது எல்லாமே தப்பில்லை. "இடது பக்கம் மூடு", "பின்னாடி வா" என்று குரல் கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள்: கோச் ஆட்டத்தைப் பற்றிக் கத்துகிறாரா, அவளைப் பற்றியா? உடம்பு, நிறம், சாதி, அப்பா அம்மா செய்யும் தொழில் என்று போனால் பொறுக்க வேண்டியதில்லை. மேட்ச் அன்று மைதானத்தில் சண்டை போடாதீர்கள். மறுநாள் நேரில் போய்ப் பேசுங்கள். திருந்தவில்லையா, பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுங்கள். ஆபாசப் பேச்சு, தொடுகை என்றால் நேரில் பேசும் வேலையே வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிப்படி கல்லூரியில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் அங்கே எழுத்தில் கொடுங்கள். மகளை டீமை விட்டு மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அம்மா. ஆட்டம் அவளுடையது.

கேள்வி: முழங்கையால் இடித்தே ஜெயித்த டீமுக்கு மேட்ச் முடிந்ததும் எதற்கு டீச்சர் கை கொடுக்க வேண்டும்? எங்கள் கோச்சே "கொடுக்காதீங்க, வாங்க" என்கிறார்.
- கல்லூரி மாணவி, வியாசர்பாடி

பதில்: கொடு கண்ணு. மேலே சொன்ன அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் பெண்கள் உடம்பால் மோதித் தள்ளினால் பெனால்டி உண்டு. அப்படி மோதி, விழுந்து, ரெஃப்ரியோடு மல்லுக்கட்டிய அணிகளும் கடைசியில் பனிமேல் வரிசையாக வந்து ஒவ்வொருவராகக் கை கொடுக்கிறார்கள். கோச்சுகளும் கொடுக்கிறார்கள். உன்னை இடித்தவள் ஒருத்தி, அந்த வரிசையில் நிற்பது பத்துப் பதினைந்து பேர். கை கொடுத்துவிட்டு, உன் கேப்டனோடு அம்பயரிடம் போய் இடித்தவளின் ஜெர்ஸி நம்பரைச் சொல்லு. அன்றைக்கே சொல்லு.