அறையில் பூட்டி வைத்தால் போதைப் பழக்கம் நிற்குமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. வலி மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் போதைக்காகப் போட்டுக்கொள்கிறான். சில நாள் குடித்துவிட்டும் வருகிறான். 10 நாள் வெளியே விடாமல் வீட்டிலேயே வைத்திருந்து நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் தவிப்பு புரிகிறது, ஆனால் இந்த வழியில் அவன் உயிருக்கே ஆபத்து.

அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் மூளையின் வேகத்தை அடக்குபவை. தொடர்ந்து போடும்போது, அந்த அடக்குதலை ஈடுகட்ட மூளை தன்னை முடுக்கிவிட்டுக்கொள்கிறது. திடீரென்று மாத்திரை நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வை, பிறகு வலிப்பு. மதுவும் இப்படித்தான். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கலாம். அதனால்தான் தூக்க மாத்திரையை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்கிறோம்.

வலி மாத்திரையின் கதை வேறு. டிரமடால், டபென்டடால் போன்றவை ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்பவை. ஹெராயினும் இந்தக் குடும்பம்தான். நிறுத்தினால் மூக்கு ஒழுகும், வயிற்றுப்போக்கு வரும், உடம்பை முறுக்கிப் பிழிகிற மாதிரி வலிக்கும். பார்க்கவே பொறுக்காது. ஆனாலும் நான் அதிகம் பயப்படுவது அந்த 10 நாளைப் பற்றியல்ல, 11ஆம் நாளைப் பற்றி. அதற்குள் உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருக்கும், ஆசை இறங்கியிருக்காது. கதவு திறந்ததும் பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் குறைந்த அளவே போதும்.

‘அசந்து குறட்டை விடுகிறான், தூங்கட்டும்’ என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போகாதீர்கள். கரகரவென்று இழுத்து இழுத்து வரும் குறட்டை, இரண்டு மூச்சுக்கு நடுவே நீளும் இடைவெளி, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, உலுக்கினாலும் எழாமை: இவற்றில் எதைக் கண்டாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். என்ன மாத்திரை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓபியாய்டு என்று தெரிந்தால் நலாக்சோன் என்ற முறிவு மருந்து தருவார்கள்.

நாளைக்கே அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை தூக்க மாத்திரையை ஒரேயடியாகப் பிடுங்கி எறிய வேண்டாம், ஆனால் அதோடு மது சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலி மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். பெயரும் அளவும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஓபியாய்டு பழக்கத்துக்கு புப்ரினார்ஃபின் என்ற மருந்தை எழுதித் தரலாம். அதுவும் ஓபியாய்டு வகைதான். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று பலர் அதை இடையில் நிறுத்திவிடுகிறார்கள். முறையாக எடுத்தால் மரண ஆபத்தைக் குறைக்கும் மருந்து அது.

இன்றிரவு அவன் தெளிவாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “கடைசியா எப்போ, எத்தனை போட்டே? திட்ட மாட்டேன்” என்று கேளுங்கள். அவன் சொல்வதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.