மருத்துவர் பதில்: பாலை நிறுத்த வேண்டாம், பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

நீங்கள் எண்ணிட்டுக் கேட்ட ஆறு கேள்விகளையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, எண்ணிடாமல் கடிதத்தின் கடைசியில் எழுதிய வரிகளிலிருந்து தொடங்குகிறேன். மூன்று மாதங்களாக மலத்தோடு அவ்வப்போது இரத்தம் போகிறது, மூலமாகத்தான் இருக்கும் என்று பார்மசியில் ஒரு களிம்பும் இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கிப் பாவிக்கிறேன் என்கிறீர்கள். உங்களுக்கு வயது 46. இரண்டு வருடங்களுக்கு முன்னர் உங்கள் அண்ணனுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது, அவர் இப்போது இல்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, பாலிலும் இறைச்சியிலும் உள்ள ஒரு சர்க்கரை புற்றுநோய் தரும் என்று கைத்தொலைபேசிக்கு வந்த காணொளியொன்று சொல்கிறதே, அது உண்மையா என்று கேட்கிறீர்கள். நீங்கள் அஞ்சுவது பாலுக்கு அல்ல. அண்ணனைக் கொண்டுபோன நோய் உங்களையும் பிடித்துவிட்டதோ என்றுதான். அதற்குரிய விடை அந்தக் காணொளியில் இல்லை. குடலுக்குள் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மலத்தோடு இரத்தம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் காரணம், உங்களுக்கும் அதுவாகவே இருக்கலாம். ஆனால் மூலம் இருக்கிறது என்பதால் அதற்கு மேலே வேறொன்றும் இல்லை என்று ஆகிவிடாது. உடன்பிறந்தவருக்கு இந்த நோய் வந்திருக்கும்போது, இரத்தம் பளிச்சென்ற சிவப்பா கருஞ்சிவப்பா, மலத்துடன் கலந்து வருகிறதா தனியே சொட்டுகிறதா, மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருக்கிறதா, உடல் மெலிந்திருக்கிறதா என்றெல்லாம் நான் கேட்பேன்; கேட்டு எந்த விடை கிடைத்தாலும் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கமெராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) வேண்டாம் என்ற முடிவுக்கு மட்டும் வரமாட்டேன். உள்ளே பார்க்காமல் மூலம்தான் என்று வைத்தியரே சொல்லத் துணியாத இடத்தில், பார்மசியில் மருந்து எடுத்துத் தருபவர் சொன்னதை நம்பி மூன்று மாதங்களைக் கழித்திருக்கிறீர்கள்.

தோட்ட வைத்தியசாலையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.9 இருந்தது என்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மலையகத்தில் ஒரு பெண்ணுக்கு இரத்தம் குறைவு என்றால் எவரும் திடுக்கிடுவதில்லை. சாப்பாட்டில் சத்துப் போதாது, மாதவிடாய் அதிகம், கொழுக்கிப்புழு, சோறு உண்ட கையோடு குடிக்கும் தேநீர் இரும்பை உடலில் சேரவிடுவதில்லை என்று காரணங்கள் எப்போதும் கைவசம் உண்டு, அவை பொய்யும் அல்ல. அந்த உண்மையான காரணங்களின் மறைவிலேயே பெருங்குடலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கக்கூடும். அப்படிக் கசியும் இரத்தம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, தொடக்கத்தில் வலியும் இராது. மேட்டு லயனுக்கு ஏறும்போது மூச்சு வாங்குவதும் ஓயாத களைப்பும் மட்டுமே தெரியும். மலத்தில் இரத்தமும் உடலில் இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாத்திரையால் அளவை ஏற்றிக்கொண்டிருப்பது ஆபத்து. அந்த மாத்திரை மலத்தையும் கறுப்பாக்கிவிடும் என்பதால், மேலே எங்காவது இரத்தம் கசிந்து மலம் கறுத்தாலும் உங்களால் வேறுபடுத்தி அறிய முடியாது.

எனவே இந்த வாரமே நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வெளிநோயாளர் பிரிவில் களைப்பு என்று தொடங்காமல், மலத்தோடு இரத்தம் போவதையும் அண்ணனின் நோயையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லி, சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். அண்ணனுடைய பயொப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் அண்ணியிடம் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். கண்டிக்கோ பேராதனைக்கோ போகச் சொன்னால் தூரத்தைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க வேண்டாம். அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. இரும்பு மாத்திரையைத் தொடர்வதா என்பதை அங்கே குருதிப் பரிசோதனை செய்த பிறகு தீர்மானிப்பார்கள், கொலனோஸ்கோப்பிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னர் நிறுத்தவும் சொல்வார்கள். இதற்கிடையில் இரத்தம் கட்டுக்கடங்காமல் போய்த் தலை சுற்றினால், அல்லது வயிறு உப்பி வாந்தியெடுத்துக் காற்றும் பிரியாமல் நின்றுவிட்டால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அந்த இரவே போக வேண்டும்.

இந்த நோயில் நமக்குச் சாதகமான ஒரு விடயம் உண்டு. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் பொலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கிப் புற்றாக மாறுவதற்குப் பல வருடங்கள், பொதுவாகப் பத்து வருடங்கள் வரை, எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பொலிப்பைக் கொலனோஸ்கோப்பி செய்யும்போதே அகற்றிவிட்டால் நோயின் பாதை அங்கேயே அறுந்துவிடும்.

இனி உங்களை இரவில் தூங்கவிடாத அந்தக் காணொளிக்கு வருவோம். அதில் ஓர் உண்மையான ஆய்வை எடுத்து, பாதியை வெட்டி, மீதியைத் திரித்திருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பணியாற்றிய அஜித் வர்கி என்ற மருத்துவ விஞ்ஞானியின் ஆய்வு அது. நம் உடலின் ஒவ்வொரு கலத்தின் (செல்லின்) மேலும், கொழுந்தின் மொட்டில் படிந்திருக்கும் வெண்சுணையைப் போல, சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்திருக்கின்றன. உங்கள் குருதி வகை பீ என்பதைத் தீர்மானிப்பதும் செங்குருதிக் கலத்தின் மேலுள்ள அத்தகைய ஒரு சர்க்கரைதான். (குருதி வகைக்கேற்ற உணவு என்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தீர்கள், அதற்கு ஆதாரம் கிடையாது, கிழித்துப் போடுங்கள்.) அந்தச் சங்கிலிகள் பலவற்றின் நுனியில் இருப்பது சயலிக் அமிலம் என்னும் சர்க்கரை. நிர்ப்பீடனக் கலங்கள், அதாவது நோயெதிர்ப்புக் கலங்கள், அதைத் தொட்டுப் பார்த்தே இது நம் உடலைச் சேர்ந்தது என்று விட்டுவிடுகின்றன; சில புற்றுநோய்க் கலங்கள் அதை அளவுக்கு மீறிப் போர்த்திக்கொண்டு தப்புவதும் உண்டு. இது கலங்கள் தாமே ஆக்கிக்கொள்வது, பிளேன் டீக்குப் போடும் சீனியிலிருந்து வருவதல்ல.

நியூ5ஜிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒருவகைச் சயலிக் அமிலத்தை மாடு, ஆடு, பன்றி முதலியவற்றின் உடல் ஆக்குகிறது, மனித உடல் ஆக்குவதில்லை. அதற்குரிய மரபணு நம் முன்னோரில் இரண்டு, மூன்று மில்லியன் வருடங்களுக்கு முன்னரே செயலிழந்துவிட்டது. சிவப்பு இறைச்சியையும் பாலையும் உட்கொள்ளும்போது அதில் மிகச் சிறிதளவு நம் திசுக்களில் சேர்கிறது, அதற்கு எதிரான பிறபொருளெதிரிகளும் (அந்நியப் பொருளைத் தாக்க உடல் ஆக்கும் புரதங்கள்) நம் குருதியில் இருக்கின்றன. இதுவரை காணொளி சொன்னது சரி. 2015இல் வெளியான ஆய்வில், இந்தச் சர்க்கரையை ஆக்க முடியாதபடி மாற்றப்பட்ட எலிகளுக்கு அதை உணவில் கொடுத்து, எதிரான பிறபொருளெதிரிகளும் உண்டாகச் செய்தபோது கட்டிகள் கூடின. அவை வந்தது ஈரலில், பெருங்குடலில் அல்ல. எலியில் கண்டதை உங்கள் அண்ணனின் நோய்க்குக் காரணமாக்குவது காணொளிக்காரரின் துணிச்சல்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் சொன்னது வேறு: சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்றவை உண்டாக்கக்கூடும். சொசேஜ் சாப்பிடுவதை விட்டுவிடுங்கள், மற்றவற்றை வாரத்தில் சமைத்த நிலையில் அரைக் கிலோவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஆட்டுக்கறி சமைத்ததற்காக யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. பாலைப் பொறுத்தவரை, அது பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பைச் சற்றுக் குறைப்பதாகவே மனிதரில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. லயனுக்குப் பின்னால் பட்டியில் மாடு நிற்க, அந்தப் பாலை விற்றுவிட்டு ஏழு வயது மகனுக்கு விலை கூடிய சோயா மா வாங்கிக் கொடுப்பதை இன்றோடு நிறுத்தி, பாலைக் கொதிக்க வைத்து அவனுக்கே கொடுங்கள்.

ஹட்டனில் ஒருவர் விற்கும் ஸ்டெம் செல் (பலவகைக் கலங்களாக வளரக்கூடிய மூலக்கலம்) கெப்சூலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உயிருள்ள ஸ்டெம் செல் எதுவும் கெப்சூலுக்குள் உயிரோடு இராது, இருந்தாலும் இரைப்பை அதைச் செரித்துவிடும். ஆய்வுகூடத்தில் எலிக் கலங்களின் மேலும் விலங்குக் குருதிநீரிலும் வளர்த்த மனித ஸ்டெம் செல்கள் இந்த நியூ5ஜிசியை உறிஞ்சிக்கொண்டு, மனித நிர்ப்பீடனத்தின் தாக்குதலுக்கு இலக்காகக்கூடும் என்று 2005இல் எச்சரித்தவர்களும் வர்கியின் குழுவினரே. அந்த எச்சரிக்கை அத்தகைய கலங்களை நோயாளிக்குச் செலுத்த எண்ணுகிறவர்களுக்கு உரியது. உங்களுக்குக் காணொளியை அனுப்பியவரும் கெப்சூலை விற்பவரும் ஒருவரே என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஆட்டு நஞ்சுக்கொடியிலிருந்து செய்ததாகச் சொல்லும் அந்தக் கெப்சூல் உண்மையிலேயே அப்படியானதென்றால், பாலில் இருக்கிறது என்று உங்களைப் பயமுறுத்திய அதே சர்க்கரை அதிலும் இருக்கும்.

கொழும்பில் வேலை செய்யும் 41 வயதுத் தம்பியைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். உடன்பிறந்தவருக்கு இந்த நோய் வந்தால், மற்றவர்கள் 40 வயதில், அல்லது நோய் கண்ட வயதுக்குப் பத்து வருடங்கள் முன்னதாக, இரண்டில் எது முந்தியதோ அந்த வயதில் கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். உங்கள் குடும்பத்தில் அந்த வயது 38. அவருக்கு இரத்தம் போகவில்லை, களைப்பில்லை என்றாலும் அவரும் செய்துகொள்ள வேண்டும். இதை அவரிடம் தொலைபேசியில் இன்றே சொல்லுங்கள்.