தோஸ்கா: திரைக்குப் பின் பாடும் கோரஸ் ஏன் பிந்துகிறது?

புச்சினியின் 'தோஸ்கா' ஓபராவில் (இசைநாடகத்தில்), இரண்டாம் அங்கத்தில் மேடைக்கு வெளியிலிருந்து கேட்கும் கான்டாட்டாவில் (வாத்தியங்களோடு பாடும் குழுப்பாடலில்) கோரஸ், அதாவது பாடகர் குழு, பிந்துகிறது, சுருதியும் இறங்குகிறது, அவர்கள் 20 மீட்டர் தள்ளி நடைகூடத்தில் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாடகர்கள் மேல் தவறில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். ஆர்கெஸ்ட்ராவைக் காதால் கேட்டுப் பாடினால், அது அவர்களை எட்ட 58 மில்லிநொடி, அவர்கள் குரல் திரும்பிவர இன்னொரு 58. ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் காதில் பிந்தல் இரட்டிப்பாகிறது.

கேட்டுப் பாடுவதை நிறுத்துங்கள். கண்டக்டரைக் காட்டும் கேமராவிலிருந்து நேரடிக் கம்பி இழுத்து மானிட்டர் வையுங்கள். வைஃபை வேண்டாம், சாதாரணத் தொலைக்காட்சியும் படத்தைத் தாமதப்படுத்தும், அதில் அந்தத் தாமதத்தைக் குறைக்கும் 'கேம் மோட்' போட்டே ஆகவேண்டும். துணைக் கண்டக்டர் திரையைப் பார்த்து, தாளத்தை ஓர் இம்மி முன்னதாகத் தட்டட்டும். எவ்வளவு முன்னால் என்பதை அரங்கின் நடுவில் உட்கார்ந்து கேட்பவர்தான் சொல்லவேண்டும்.

சுருதிக்கு: துணைக் கண்டக்டருக்கு ஆர்கெஸ்ட்ராவைக் கேட்க ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோன், சுருதி கொடுக்கப் பக்கத்தில் சிறு கீபோர்டு. உங்கள் ஆர்கெஸ்ட்ரா A ஸ்வரத்தை 442 ஹெர்ட்ஸில் வைத்துச் சுருதி சேர்க்கிறது என்றால் கீபோர்டும் 442.

கோரஸை மேடைப் பக்கவாயிலுக்கு அருகே கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. நாயகி தோஸ்காவும் கோரஸோடுதான் பாடுகிறார், உடனே மேடைக்கு வரவேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஜன்னல். மேடையில் கைதியை விசாரிக்கும் போலீஸ் தலைவன் ஸ்கார்பியா அதை அறைந்து சாத்தும் கணத்தில் பாட்டு அறுபட வேண்டும். அந்தத் திடீர் வெறுமையில்தான் விசாரணையின் கொடூரம் தெரியும். ஜன்னல் கதவைச் சாத்தினால் மட்டும் போதாது, ஒலி கசியும். மேடை மேலாளர் விளக்குச் சைகை கொடுக்க, கதவும் குரலும் ஒரே நொடியில் நிற்கட்டும். இதை மட்டும் தனியாகப் பத்து முறையாவது ஒத்திகை பாருங்கள்.