பத்து டிகிரி கூட்டிக் காட்டும் சென்சாரைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வானிலை நிலையத்தில் இருந்த வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் எச்எம்பி45சி சென்சார் பழுதாகி, அந்த இடத்தில் எச்எம்பி155 வாங்கி மாட்டினோம். "வயரை மாற்றினால் போதும், பழைய புரோகிராமே ஓடும்" என்றார் விற்றவர். ஈரப்பதம் சரியாக வருகிறது. வெப்பநிலைதான் தகராறு. வெப்பமானி 25 டிகிரி காட்டும்போது டேட்டா லாகரில் (சென்சார் தரும் அளவுகளைப் பதியும் கருவி) 35 பதிவாகிறது. திருப்பிக் கொடுக்கலாமா, இல்லை 10 டிகிரியைக் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. லாகர்தான் இன்னும் பழைய சென்சாருக்கே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டுமே 0 முதல் 1 வோல்ட் வரை தருபவை. பழையதில் அந்த ஒரு வோல்ட்டுக்குள் மைனஸ் 40 முதல் 60 டிகிரி வரை அடங்கும், மில்லிவோல்ட்டுக்கு 0.1 டிகிரி. லாகரோடு சேர்த்து விற்கப்படும் 155-இல் வழக்கமாக மைனஸ் 80 முதல் 60 வரை அடங்கும், மில்லிவோல்ட்டுக்கு 0.14 டிகிரி. ஆக, 25 டிகிரிக்கு அது 750 மில்லிவோல்ட் தருகிறது. பழைய புரோகிராம் அதை 0.1-ஆல் பெருக்கி 40 கழிக்கிறது, 35 வந்துவிடுகிறது. ஈரப்பதத்துக்கு இரண்டிலும் ஒரே அளவு, அதனால் அது தப்பித்தது.

புரோகிராமில் வெப்பநிலைக்கான பெருக்கெண்ணை 0.14, ஆஃப்செட்டை (பெருக்கிய பின் கூட்டும் எண்) மைனஸ் 80 என்று மாற்றுங்கள். அதற்கு முன் சென்சாரோடு வந்த தாளில் வெளியீட்டு அளவைப் பார்த்துவிடுங்கள், ஆர்டருக்கு ஏற்ப வேறு அளவிலும் அமைத்து அனுப்புவார்கள். 10 கழிக்கும் யோசனை 25 டிகிரியில் மட்டும்தான் எடுபடும். உண்மையில் 32 இருக்கும்போது உங்கள் லாகர் 40 காட்டும், கழித்தால் 30!

இதுவரை பதிவானதை அழித்துவிடாதீர்கள். தவறான எண்ணை 1.4-ஆல் பெருக்கி 24 கழித்தால் சரியான வெப்பநிலை கிடைத்துவிடும்.

விற்றவர் மீது கோபம் வருவது நியாயம்தான். ஆனால் "பொருந்தும்" என்ற வாய்வார்த்தைக்கு இந்தப் பொருளில் மதிப்பில்லை. வெளியீட்டு அளவு, பெருக்கெண், ஆஃப்செட், எந்த வயர் எதற்கு என்ற நான்கையும் பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். வயர் நிறத்தை நம்பக்கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கேள்வி: லாகரிலிருந்து 40 மீட்டர் தள்ளி இரண்டு சென்சார்கள் வைக்க வேண்டும். வோல்ட் வகையா, அளவை டிஜிட்டலாக அனுப்பும் எஸ்டிஐ-12 வகையா?

பதில்: உங்கள் லாகரில் எஸ்டிஐ-12 வசதி இருந்தால் அதையே வாங்குங்கள். மின்சாரம், கிரவுண்ட், டேட்டா என்று மூன்றே வயர், 60 மீட்டர் வரை தாங்கும். எண் நேராக டிகிரியிலேயே வருவதால் முதல் கேள்வியில் வந்த குழப்பமும் இராது. வோல்ட் வகையில், சென்சாருக்கான மின்னோட்டம் திரும்பும் கிரவுண்ட் வயரையே அளவீட்டுக்கும் பயன்படுத்தினால், நீளமான வயரில் சில மில்லிவோல்ட் கூடிவிடும். அதைத் தவிர்க்க டிஃபரன்ஷியல் முறையில் (இரண்டு வயர்களுக்கு இடையிலான வோல்ட் வித்தியாசத்தை அளப்பது) இணைக்க வேண்டும், லாகரில் ஒரு சென்சாருக்குக் கூடுதல் சேனல்கள் (உள்ளீட்டு இணைப்புகள்) போய்விடும்.

எஸ்டிஐ-12 சென்சார்கள் பெரும்பாலும் 0 என்ற முகவரியோடுதான் வரும். இரண்டையும் அப்படியே ஒரே போர்ட்டில் மாட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி எதுவும் புரியாது. முதலில் ஒன்றை மட்டும் மாட்டி அதன் முகவரியை 1 ஆக்கிவிட்டு, அப்புறம் மற்றதை இணையுங்கள்.