அடிப்பதற்கு முன்னால் சொல்லுங்கள்!

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து மற்ற பந்துகளை மேஜை ஓரத்துப் பாக்கெட்டுகளில் போடும் பூல் ஆட்டத்தைப் பற்றி ஒரே ஒரு பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆட்டத்தைப் பற்றியே இல்லை, நேரலையில் உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வெளிநாட்டு பூல் போட்டிகளை யூடியூப் நேரலையில் ராத்திரி கண்விழித்துப் பார்க்கிறவன் நான். ஆட்டம் பிரமாதம். ஆனால் கமெண்ட்ரியில் இருக்கிற இரண்டு பேரும் நேற்று எங்கே சாப்பிட்டார்கள், எந்த ஓட்டலில் ஏ.சி. வேலை செய்யவில்லை என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்கோரைக்கூடத் தப்பாகச் சொல்கிறார்கள். பேசாமல் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: அணைக்காதீர்கள். அணைத்தால் கமெண்ட்ரியோடு சேர்ந்து ஆட்டத்தில் பாதியும் போய்விடும். தொடக்க அடியான பிரேக்கில் பந்துகள் சிதறும் சத்தம், குச்சியின் நுனி வழுக்கி மிஸ்க்யூ ஆகும்போது வருகிற அந்தக் கெட்ட சத்தம், பந்து பாக்கெட்டுக்குள் எவ்வளவு வேகமாக விழுந்தது என்பது, எல்லாம் காதில்தான் தெரியும்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் என் கணக்கில் ஊர்க்கதை பேசுவது இரண்டாவது குற்றம்தான். முதல் குற்றம், திரையில் நமக்கே தெரிவதைத் திரும்பச் சொல்வது. ‘மூணாம் நம்பரை கார்னரில் போட்டுவிட்டார்’ என்கிறார், ஆமாம், நாமும்தானே பார்த்தோம்? நமக்குத் தெரியாதது வேறு. அந்தப் பந்து சைடு பாக்கெட்டுக்கு இன்னும் சுலபமாக இருந்தும் ஏன் கார்னரைத் தேர்ந்தெடுத்தார், வெள்ளைப் பந்து எந்தக் குஷனில் (மேஜையின் ரப்பர் ஓரத்தில்) பட்டு எங்கே வந்து நிற்க வேண்டும் என்று நினைக்கிறார், ஒரு சாண் தள்ளிப் போனால் எந்தப் பந்துக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும், இதெல்லாம்தான் கமெண்ட்ரி. அதையும் அவர் குனிந்து அடிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். அடித்து முடித்த பிறகு ‘அருமையான பொசிஷன்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். முன்கூட்டிச் சொன்னால் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. தப்பாகட்டுமே! ‘நான் இடது பக்கம் வருவார் என்று நினைத்தேன், அவர் வலது பக்கம் போனார், ஏனென்றால் அடுத்த பந்துக்கு அங்கேதான் வழி அகலம்’ என்று ஒருவர் விளக்கும் அந்த இடத்தில்தான் பார்க்கிறவர் ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறார்.

சிறிய போட்டிகளின் நேரலையில் பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. தோற்று வெளியே வந்த ஆட்டக்காரரோ, அந்த ஹாலுக்கு வழக்கமாக வருகிற நண்பரோ மைக் முன்னால் உட்கார்ந்திருப்பார், காலையில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருக்க முடியும். அதனால் சலிப்பாகப் பேசுவதை நான் பொறுத்துக்கொள்வேன். ஸ்கோரைத் தப்பாகச் சொல்வதற்கு மட்டும் மன்னிப்பு கிடையாது, ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் போதுமே அதற்கு.

கேள்வி: எனக்கு கேரம் தெரியும், பூல் தெரியாது. கமெண்ட்ரியில் மூச்சுக்கு மூச்சு ‘ஷேப், ஷேப்’ என்கிறார்களே, அது என்ன?
– கேரம் பிரியர், திருமங்கலம்

பதில்: கேரமில் காயைப் போட்ட பிறகு ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நின்றாலும் கவலை இல்லை, எடுத்து மறுபடி நம் கோட்டில் வைத்துக்கொள்ளலாம். பூலில் அந்தச் சலுகை கிடையாது. வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்துதான் அடுத்ததை அடித்தாக வேண்டும். அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் வெள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் ஷேப் என்கிறார்கள், பொசிஷன் என்றாலும் அதுதான்.

1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளை வைத்து ஆடும் நைன்-பாலில் இது உயிர்நாடி. மேஜையில் இருக்கிற மிகச் சிறிய எண்ணைத்தான் வெள்ளை முதலில் தொட வேண்டும். அதனால் ஒன்றைப் போடும்போதே இரண்டுக்கு எந்தக் கோணத்தில் நிற்பது, அந்தக் கோணத்திலிருந்து மூன்றுக்குப் போக முடியுமா என்று மூன்று பந்துகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கணக்குக்கு ஒரு அடிப்படையும் உண்டு. மேல்சுழலோ கீழ்சுழலோ இல்லாமல் வெள்ளை சறுக்கிக்கொண்டே போய் மோதினால், அடிபட்ட பந்து போகும் பாதைக்கு ஏறக்குறைய 90 டிகிரியில் பிரியும். இயல்பாக உருண்டு போய் பாதிப் பந்தளவுக்கு (எதிரே உள்ள பந்தின் பாதியை மறைக்கிற மாதிரி) மோதினால் தான் வந்த பாதையிலிருந்து சுமார் 30 டிகிரி விலகும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், நீங்களே கமெண்டேட்டருக்கு முன்னால் சொல்லிவிடுவீர்கள்.

அப்புறம், பிரேக்குக்கு அடுத்த அடியில் ஒருவர் எந்தப் பந்தையும் தொடாமல் வெள்ளையைச் சும்மா நகர்த்திவிட்டுப் போவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அது புஷ்-அவுட். எதிராளி அந்த இடத்திலிருந்து தானே ஆடலாம், வேண்டாமென்றால் அவரையே ஆடச் சொல்லலாம். புதிதாகப் பார்க்க வந்தவரை இந்த ஒரு விஷயம் தலைசுற்ற வைக்கும், ஆனால் அதை விளக்க அரை நிமிடம் ஒதுக்குகிற கமெண்டேட்டர்கள் மிகக் குறைவு, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி: என் மகன் காலேஜ் படித்துக்கொண்டே பூல் ஆடுகிறான். ஒரு போட்டியில் அவன் ஆடியது நேரலையில் வந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். அவன் ஒரு பந்தைத் தவறவிட்டதும், ‘இதைக்கூடப் போடத் தெரியாதவனெல்லாம் எதுக்கு வர்றான்’ என்று சிரித்தார்கள். இப்படிப் பேசலாமா?
– ஒரு தாய், மேலூர்

பதில்: பேசவே கூடாதும்மா. நுழைவுக் கட்டணம் கட்டி, தைரியமாக வந்து ஆடுகிற பையனை மைக்கில் ஏளனம் செய்கிறவர் அந்த நாற்காலியில் உட்காரவே லாயக்கில்லாதவர். நடத்தியவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

அவர்கள் சொன்னது ஆட்டக் கணக்கிலும் தப்பு. மேஜையின் ஒரு கோடியில் உயரத்தில் வைத்த கேமராவில் தூரங்கள் சுருங்கிவிடும், எல்லா அடியும் சுலபமாகத்தான் தெரியும். நேரில் அந்த மேஜை 9 அடி, ஆடும் பரப்பு மட்டும் 100 அங்குல நீளம். பந்தின் விட்டம் 2¼ அங்குலம். பெரிய போட்டிகளில் கார்னர் பாக்கெட்டின் வாயை 4, 4¼ அங்குலம் வரைக்கும் குறுக்கிவிட்டார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து அதற்குள் போடுவதை ‘இதைக்கூட’ என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பந்து தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த அடியில் இருக்காது, அதற்கு முந்தின அடியில் வெள்ளை கொஞ்சம் கூடுதலாக ஓடியிருக்கும், அதனால் குஷனை ஒட்டி நின்று சிரமமான கோணத்தில் அடித்திருப்பான். நல்ல கமெண்டேட்டர் அங்கேயே அதைக் குறித்துவிடுவார். அமெரிக்காவில் பேட் ஃப்ளெமிங் என்ற ஆட்டக்காரர் தொடங்கிய அக்யூ-ஸ்டாட்ஸ் நிறுவனம் பிழைகளுக்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. போட்ட பந்துகளின் எண்ணிக்கையை, போட்ட பந்துகளும் பிழைகளும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்பார்கள். 45 பந்து போட்டு 5 பிழை செய்திருந்தால் 0.900, அது உலகத் தரம். இதில் பந்தைத் தவறவிடுவது மட்டும் பிழை இல்லை, பொசிஷன் தப்பினாலும் பிழை, எதிராளிக்குச் சுலபமான அடி கிடைக்காதபடி ஆடுகிற சேஃப்டி சரியாக அமையாவிட்டாலும் பிழை. இந்தக் கணக்கைத் தெரிந்தவர் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார். உங்கள் மகன் தொடர்ந்து ஆடட்டும்.

கேள்வி: யாருடைய கமெண்ட்ரியைக் கேட்டால் ஆட்டம் புரியும்?
– ஒரு வாசகர், சோழவந்தான்

பதில்: அக்யூ-ஸ்டாட்ஸின் பழைய வீடியோக்களில் பில்லி இன்கார்டோனா, கிரேடி மேத்யூஸ் இருவரையும் கேளுங்கள். இரண்டு பேருமே ஆட்டக்காரர்கள், ‘நான் இங்கே இருந்தால் இதைத்தான் ஆடுவேன்’ என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர்கள். ஸ்னூக்கர், பூல் இரண்டையும் ஆடிய கனடாக்காரர் ஜிம் விச்சும் எனக்குப் பிடித்தவர். 1994-ல் தொடங்கிய மோஸ்கோனி கோப்பையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும்போது, ஃபில் யேட்ஸ் போன்ற ஒரு பத்திரிகையாளர் ஆட்டத்தை நடத்திக்கொண்டு போக, பக்கத்தில் ஒரு ஆட்டக்காரர் விளக்கம் சொல்வார். ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சொல்ல ஆரம்பித்தால்தான் சிக்கல்.

கேள்வி: எங்கள் ஊர் ஜல்லிக்கட்டில் மைக் பிடிக்கிறவர் பேசினால் உடம்பு சிலிர்க்கும். பூலில் ஏன் இப்படித் தூங்கி வழிகிறார்கள்?
– வாடிவாசல் ரசிகர், அலங்காநல்லூர்

பதில்: உங்கள் ஊர் கமெண்ட்ரியை நானும் பொங்கலுக்குப் பொங்கல் கேட்கிறவன்தான். அதில் சிலிர்க்க வைப்பது சத்தம் மட்டும் என்று நினைக்காதீர்கள். மாடு வெளியே வருவதற்கு முன்னாலேயே யாருடைய மாடு, எந்த ஊர், அண்டாவா சைக்கிளா தங்கக் காசா என்ன பரிசு என்று எல்லாம் வந்துவிடுகிறது. ‘ஒருத்தர் மட்டும் பிடிங்க, வாலைப் பிடிக்காதீங்க’ என்று விதியும் கூடவே வருகிறது. மாடு வாடிவாசலைத் தாண்டும்போது நமக்கு அந்த மாட்டைத் தெரியும். பூல் கமெண்ட்ரிக்கும் இதுதான் வேண்டும் என்கிறேன்.

சத்தம் மட்டும் இங்கே ஆகாது. ஆட்டக்காரர் பத்தடி தூரத்தில் நிற்கிறார், காதில் விழும். இங்கிலாந்தில் ஸ்னூக்கருக்குப் பேசிய டெட் லோ, தொடக்கத்தில் தனி அறை இல்லாமல் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து பேச வேண்டியிருந்ததால் கிசுகிசுத்தே பேசினார், கடைசிவரை அந்தக் குரல்தான் அவருடைய அடையாளம். 1969-ல் பி.பி.சி. கலர் டிவியைக் காட்டுவதற்காகவே ‘பாட் பிளாக்’ என்ற ஸ்னூக்கர் நிகழ்ச்சியைத் தொடங்கியபோது பல வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் இருந்தது, எந்தப் பந்து என்ன நிறம் என்று பேசுகிறவர் சொன்னால்தான் உண்டு. இன்றைக்கு நம் போன் திரையிலும் அதே நிலைமைதான். நெட் மந்தமானால் 3-ம் 7-ம் ஒரே சிவப்பாகத் தெரிகிறது. எண்ணைச் சொல்லுங்கள் ஐயா, மெதுவாகவே சொல்லுங்கள்.

கேள்வி: மணிக்கணக்கில் போகும் மேட்சில் ஆட்டத்தை மட்டுமே பேச முடியுமா?
– ஒரு வாசகர், வாடிப்பட்டி

பதில்: முடியாது, வேண்டியதும் இல்லை. 1996-ல் ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸும் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்டும் முதலில் 120 ரேக் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு சுற்று) ஜெயிப்பவருக்கு வெற்றி என்று மூன்று நாள் ஆடினார்கள், ரேயஸ் 120–117 என்று ஜெயித்தார். அவ்வளவு நேரமும் கோணம் பேச முடியாது. பந்துகளை முக்கோணத்தில் அடுக்கும் நேரம் இருக்கிறதே, கதை, பழைய போட்டி, ஆட்டக்காரரின் ஊர், எல்லாம் அந்த இடைவெளியில் பேசலாம். பிரேக் அடிக்கக் குனிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஆடும் ஸ்னூக்கர் சென்டரில் எட்டுப் பந்துப் போட்டி நடத்தி, தமிழில் கமெண்ட்ரியோடு நேரலை போடப் போகிறோம். தமிழில் எடுபடுமா? என்ன கவனிக்க வேண்டும்?
– கல்லூரி நண்பர்கள், உசிலம்பட்டி

பதில்: ஏன் எடுபடாது? கிரிக்கெட்டை அப்துல் ஜப்பாரின் குரலில் வானொலியில் தமிழில் கேட்டு வளர்ந்த ஊர் தம்பி இது. பூலின் பங்காளியான ஸ்னூக்கர் 1875-ல் ஜபல்பூரில் பிறந்தது, அதன் விதிகளை 1882-ல் நம் ஊட்டி கிளப்பில்தான் எழுதிச் சுவரில் மாட்டினார்கள். ஸ்க்ரூ (கீழ்சுழல்), சைடு (பக்கச்சுழல்), சேஃப்டி என்று சென்டரில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே பேசுங்கள், மேடைத் தமிழுக்கு மாறிவிடாதீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, வானொலியில் படம் கிடையாது, அதனால் எல்லாவற்றையும் சொன்னார்கள். உங்களிடம் படம் இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லாதீர்கள்.

மேட்சுக்கு முன்னால் இரண்டு ஆட்டக்காரர்களிடமும் போய்ப் பேசுங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது, எந்த ஊர், எத்தனை ரேக்குக்கு ஆட்டம், ஜெயித்தவர் பிரேக்கா மாறி மாறி பிரேக்கா என்று எழுதி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கோரோடு அதையும் சொல்லுங்கள், நேரலைக்குள் ஆட்கள் நடுவில் நடுவில்தான் வருவார்கள். எட்டுப் பந்து ஆட்டத்தில் யாருக்குச் சின்ன நம்பர் (1–7), யாருக்குப் பெரிய நம்பர் (9–15) என்பதை ஒவ்வொரு ரேக்கிலும் சொல்லியே ஆக வேண்டும். பல தொழில்முறைப் போட்டிகளில் ஒரு அடிக்கு 30 விநாடிதான், அந்த அளவை நீங்களும் மனதில் வைத்துக்கொண்டால் முதல் பதினைந்து விநாடியில் என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் குனிந்ததும் வாயை மூடிவிடலாம்.

கேமரா காட்டாததைப் பார்க்க ஒருவர் மேஜை பக்கம் நிற்கட்டும். இரண்டு பந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நடுவில் வெள்ளை நுழைய இடம் இருக்கிறதா என்று அவர் பார்த்து உங்களுக்குப் போனில் தட்டிவிட்டால், வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. உங்கள் நண்பன் ஆடும் மேட்சுக்கு நீங்கள் பேசாதீர்கள், வேறு ஆளை உட்கார வையுங்கள். மைக்கை ஃபேனுக்கு நேராக வைக்க வேண்டாம். தேதி முடிவானதும் லிங்கை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள், முதல் ரேக்கிலிருந்தே பார்க்கிறேன்.