வாசகர் கேள்வி–பதில்: நாலு ஸ்பிரிங்கும் எமிலி து ஷாத்லேயும்

கேள்வி: 17, 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளப் பெண்கள் சிலரைப் 'பகுத்தறிவுவாதிகள்' என்கிறார்களே, அவர்கள் கடவுள் மறுப்பாளர்களா?

பதில்: இல்லை. நம் மேடைகளில் அந்தச் சொல்லுக்குள்ள பொருள் வேறு. அங்கே கேள்வியே, அறிவுக்கு அடிப்படை புலன்களா, சிந்தனையா என்பதுதான். சிந்தனையே என்பவர்தான் பகுத்தறிவுவாதி. அவர்களில் ஒருவரான எமிலி து ஷாத்லே 1740இல் வெளியிட்ட இயற்பியல் நூலில் இரண்டாம் அத்தியாயமே கடவுள் உண்டு என்று நிறுவுவதற்காக எழுதியது!

இந்தப் பெண்களுக்குக் கதவைத் திறந்தது மொழி. லத்தீன் கற்பித்த கல்லூரிகளில் அவர்களுக்கு இடம் கிடையாது. பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் 1637இல் தம் சிந்தனை முறையைப் பிரெஞ்சிலேயே எழுதினார். மனம் வேறு, உடல் வேறு என்ற அவர் கொள்கையைப் பிடித்துக்கொண்டு, மனத்துக்கு ஆண், பெண் என்ற பேதமில்லை என்று 1673இல் வாதிட்டார் பூலேன் த லா பார் என்ற பிரெஞ்சு எழுத்தாளர்.

கேள்வி: து ஷாத்லே நியூட்டனை மொழிபெயர்த்தவர்தானே? சொந்தமாக என்ன செய்தார்?

பதில்: 'மொழிபெயர்ப்பாளர்' என்று அவரை ஒதுக்கிவிடுவது பெரிய அநியாயம். ஓடும் பொருளின் விசையை எப்படி அளப்பது என்பது அன்றைய பெரிய சண்டை. பொருளின் நிறையை வேகத்தால் பெருக்கினால் போதும் என்றது தெக்கார்த் அணி. வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கவேண்டும் என்றது ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸின் அணி. களிமண்ணில் பித்தளைக் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார் டச்சு அறிஞர் ஸ்கிராவசாந்த். வேகம் 2 மடங்கானால் குழி 4 மடங்கு.

பாரிஸ் அறிவியல் அகாதமியின் மேரான் இதை ஏற்கவில்லை. வேகம் 1 உள்ள பொருள் ஒரு நொடியில் 1 ஸ்பிரிங்கை அழுத்தி நிற்கிறது என்று வையுங்கள். வேகம் 2 என்றால் முதல் நொடியில் 3, அடுத்த நொடியில் 1, ஆக 4. மேரானோ, 'வேகம் குறையாதிருந்தால் முதல் நொடியில் 4, அடுத்ததில் 2 அழுத்தியிருக்கும். நொடிக்கு 1 வீதம் விட்டுப்போனது 2தான், ஆகவே விசையும் 2' என்று கணக்குப் போட்டார்.

து ஷாத்லே அந்த 'இருந்தால்' என்ற இடத்திலேயே கைவைத்தார். ஸ்பிரிங்கை அழுத்தும்போதே விசை செலவாகிறது. செலவான விசை குறையாமல் இருக்கிறது என்று எப்படி வைத்துக்கொள்வது? நாலை அழுத்தும் விசையால் ஆறை அழுத்த முடியாது. 1741இல் மேரான் அச்சில் மறுத்தார். அதே ஆண்டு இவரும் அச்சிலேயே பதில் கொடுத்தார். வேகத்தால் பெருக்கிய அளவும் தேவைதான், அதை இன்று உந்தம் என்கிறோம். ஆனால் தடைகளை வெல்லும் திறனுக்கு வர்க்கம்தான் சரி. பாதியாக்கிவிட்டால் அதுவே நம் பாடப்புத்தக இயக்க ஆற்றல்.

கேள்வி: பெண்கள் நிலை பற்றி எழுதிய கப்ரியேல் சுஷோன் ஏன் புனைபெயரில் எழுதினார்?

பதில்: 1693 நூல் 'அரிஸ்தோஃபில்' என்ற பெயரில் வந்தது. சுதந்திரம், கல்வி, அதிகாரம் மூன்றும் பெண்களிடமிருந்து பறிக்கப்பட்டவை என்று ஒவ்வொன்றாக நிறுவும் நூலுக்குச் சொந்தப் பெயர் போடுவது லேசான காரியமில்லை. விருப்பமில்லாமல் கிறிஸ்தவக் கன்னியர் மடத்தில் சேர்க்கப்பட்டு வெளியேறியவர் அவர். 1700இல் வந்த அடுத்த நூலில், திருமணமும் வேண்டாம், மடமும் வேண்டாம் என்று தனித்து வாழ விரும்பும் பெண்ணுக்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று எழுதினார்.