கம்பைலர் மாறினால் எல்லாம் மாற வேண்டுமா?

அன்புள்ள ஐயா,
என் மடிக்கணினியில், பேக்கேஜ்களை மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து நிறுவும் ஜென்டூ லினக்ஸ் இருக்கிறது. அதன் கம்பைலரான ஜிசிசியில் 13-ஆம் பதிப்பிலிருந்து 14-க்கு மாறினேன். நிறுவிய பேக்கேஜ்கள் அனைத்தையும் மீண்டும் கம்பைல் செய்ய வேண்டுமா? செய்தால் வேகம் கூடுமா? பழையதும் புதியதும் கலந்து கிடப்பது உறுத்துகிறது.
ச.

அன்புள்ள ச.,

வேண்டாம். வேகத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். அளந்து பார்க்காதவரின் வேகக் கவலைக்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் அந்த உறுத்தலை நான் நன்றாக அறிவேன், அதைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டும் இருந்தேன்.

கம்பைலரின் பதிப்பு எண் மாறுவது வேறு. அது உருவாக்கும் பைனரிகள், அதாவது இயங்கத் தயாரான கோப்புகள், தமக்குள் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தமாகிய ஏபிஐ (ABI) மாறுவது வேறு. 2015-இல் ஜிசிசி 5.1 வந்தபோது சி++ பக்கம் அந்த ஒப்பந்தம் உண்மையிலேயே மாறியது. ஒரே ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) பல பிரதிகள் பகிர்ந்துகொண்டு, மாற்றும்போது மட்டும் பிரியும் பழைய உத்தியை சி++11 தரநிலை அனுமதிக்கவில்லை. லிஸ்ட் (பட்டியல்) தன் நீளத்தை ஒவ்வொரு முறையும் எண்ணாமல் உடனே சொல்ல வேண்டும் என்றும் விதித்தது. ஆகவே இரண்டின் நினைவக அமைப்பும் மாறின. ஜிசிசியின் சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++ பழையதையும் புதியதையும் சேர்த்தே சுமந்ததால் பழைய நிரல்கள் தடையின்றி ஓடின. ஸ்ட்ரிங்கை வெளிமுகத்தில் வைத்திருந்த பழைய லைப்ரரியோடு புதிய நிரலை இணைக்கும்போதுதான், அந்த இணைப்பைச் செய்யும் லிங்கர் மறுத்தது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ், அத்தகைய லைப்ரரிகளையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மறுபடி கட்டி, அந்த லைப்ரரிகள் பலவற்றின் பேக்கேஜ் பெயரில் 'வி5' சேர்த்தது. என் திரையில் அந்தப் பிழை முதலில் வந்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது: கிடைக்காத குறியீட்டின் பெயருக்குள்ளேயே 'சிஎக்ஸ்எக்ஸ்11', அதாவது சி++11, என்று எழுதியிருந்தது. நோயும் காரணமும் ஒரே வரியில்!

2017-இல் 17.0 புரொஃபைல் (ஜென்டூவின் அடிப்படை அமைப்புத் தொகுப்பு) வந்தபோது எல்லாவற்றையும் மறுபடி கட்டும்படி ஜென்டூவே சொன்னது. நினைவகத்தில் எந்த இடத்திலும் ஓடக்கூடிய பைனரி வகையான பிஐஇ இயல்பானதால், நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்படும் பழைய ஸ்டாட்டிக் லைப்ரரிகள் இணையாது என்ற காரணத்தையும் சொன்னது. உங்களிடம் என்ன காரணம் இருக்கிறது? உறுத்தலுக்காக இரண்டு நாள் பிராசஸரைக் காய்ச்சுவது பராமரிப்பு அல்ல, சடங்கு. அதிலும் ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனை அழைக்கும் சி நிரல்களை எச்சரிக்கையோடு விடாமல் பிழை என்றே நிறுத்திவிடுகிறது. இன்று நன்றாக ஓடும் ஏதாவதொரு பழைய பேக்கேஜ் உங்கள் மறுகட்டுமானத்தின் நடுவில் சிக்கிக்கொள்ளலாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்தடுத்த அப்டேட்டுகளில் உங்கள் பேக்கேஜ்கள் தாமாகப் புதிய கம்பைலருக்கு வந்துவிடும். கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையத்துக்கு) வெளியிலிருந்து வந்து அதனோடு சேரும் மாட்யூல் ஏதாவது வைத்திருந்தால், அதையும் கெர்னலையும் மட்டும் ஒரே ஜிசிசியில் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

அன்புடன்.